முன்பெட்டி பிரேக்

திருப்பதியில் எம்.சி.ஏ. படித்துக்கொண்டிருந்தபோது சுமித்ரா ஒரு பொய் சொன்னாள். அது ஒரு சொல்கூட இல்லை.

அவள் நோட்டுக்குள் அப்பாவின் படம் ஒன்று இருந்தது. மலை ரயிலில் போன யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் எடுத்து, விலாசம் வாங்கிக்கொண்டு தபாலில் அனுப்பிய படம். நீராவி எஞ்சினின் வாசலில் ஒரு காலை வைத்துக்கொண்டு முனிரத்தினம் சிரித்தபடி நிற்பார். கூடப் படித்த பரணி அதை எடுத்துப் பார்த்தான். "உங்கப்பா எஞ்சின் டிரைவரா?" என்று கேட்டான். சுமித்ரா "ம்" என்றாள்.

முனிரத்தினம் டிரைவர் இல்லை. பிரேக்ஸ்மேன். கங்காதர நெல்லூருக்குப் பக்கத்தில், ஊரின் கடைசித் தெருவில் பிறந்தவர். குடும்பத்துக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. அவருடைய அப்பா ஊர் ஊராகக் கரும்பு வெட்டப் போனார். முனிரத்தினமும் அதே தெருவைச் சேர்ந்த உமாபதியும் பத்தொன்பது வயதில் ஒரே நாளில் பாகாலாவுக்குப் போய் ரயில்வேயில் கூலிகளாகச் சேர்ந்தார்கள். மண் கொட்டினார்கள், சல்லி இறைத்தார்கள், பிறகு நிரந்தரமானார்கள். அப்போது அங்கே மீட்டர் கேஜ் பாதை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அதைப் பெயர்த்து அகலப் பாதை போட்டபோது ஆட்கள் அதிகமாகிவிட்டார்கள். எங்கே போக விருப்பம் என்று கேட்டார்கள். இருவரும் தமிழ்நாட்டு மலை ரயிலுக்கு எழுதிக் கொடுத்தார்கள். மனைவி மக்கள் பாகாலாவிலேயே இருந்தார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இவர்கள் வந்து போனார்கள்.

அந்த மலையில் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே பல் வைத்த இரும்புச் சட்டம் ஒன்று ஓடும். எஞ்சினின் அடியில் இருக்கும் பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறும். ஏறும்போது எஞ்சின் பின்னால் இருந்து பெட்டிகளைத் தள்ளும். எனவே முன்னால் என்ன இருக்கிறது என்று டிரைவருக்குத் தெரியாது. ஒவ்வொரு பெட்டியின் முன்பக்கத்திலும் திறந்த மேடை ஒன்று உண்டு. அதில் ஒரு பிரேக்ஸ்மேன் நின்றுகொண்டு, எஞ்சின் கொடுக்கும் விசில் கணக்குப்படி பிரேக்கை முறுக்குவார், தளர்த்துவார். முதல் பெட்டியில் நிற்பவரிடம் பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியும் இருக்கும். வண்டிக்கு அவர்தான் கண். முனிரத்தினம் அந்த முன்பெட்டி ஆள். ஏழு வருடமாக ஒரு குறை இல்லாமல் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தார். மலையில் இருக்கும்போது அதில் வெட்கப்பட எதுவும் இருப்பதாக அவருக்குத் தோன்றியதில்லை.

பரணி சுமித்ராவைக் கட்டிக்கொள்ள விரும்புவதாகத் தன் வீட்டில் சொன்னான். அவன் அப்பா கோவர்த்தனன் நகரிப் பக்கத்து விவசாயக் குடும்பம். ஊரில் மாந்தோப்பு இருந்தது. திருப்பதிக்கு வந்து எஸ்.டி.டி. பூத் வைத்து, அதைப் பெரிதாக்கி, நாலு வேன்கள் ஓடும் டிராவல்ஸ் நடத்திக்கொண்டிருந்தார். "பொண்ணோட அப்பா இன்னா வேலை?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. டிரைவர், ரயில்வே டிரைவர் என்றான் பரணி. கோவர்த்தனன் யோசித்துவிட்டு, சரி என்றார்.

நிச்சயத்துக்கு முந்தின வாரம் சுமித்ரா அப்பாவிடம் நடந்ததைச் சொல்லி அழுதாள்.

"இப்ப போய் இல்லன்னு சொன்னா இன்னா நினைப்பாங்க நைனா?"

முனிரத்தினத்துக்கு உள்ளே எங்கோ குத்தியது. ஆனால் அழுகிற மகளிடம் அதைக் காட்டவில்லை. "உடும்மா. எஞ்சினும் பிரேக்கும் ஒரே வண்டிதான" என்றார்.

கல்யாணப் பத்திரிகையில் அவர் பெயருக்குக் கீழே 'ரயில்வே டிரைவர்' என்று அச்சாகி வந்தது. திருப்பதி மண்டபத்தில் கோவர்த்தனனின் சொந்தக்காரர்கள் "டிரைவர் சார்" என்று கூப்பிட்டு நாற்காலி போட்டார்கள். முதல் நாள் கூசியது. இரண்டாவது நாள் அவ்வளவு கூசவில்லை. பிறகு ஒரு தடவை பாகாலா பஸ் நிலையத்தில் யாரோ அப்படிக் கூப்பிட்டபோது தான் நிமிர்ந்து நடப்பதை அவரே கவனித்தார். இதைத்தான் பின்னாளில் அவரால் மன்னிக்க முடியவில்லை. மகள் சொன்னது ஒரு "ம்". அதில் சுகம் கண்டவர் அவர்.

கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஐதராபாத்தில் வேலை பார்த்த பரணிக்கு நியூ ஜெர்சி போக விசா வந்தது. பரணி ஜனவரியில் போவதாகவும், நாலு மாதக் கர்ப்பமாக இருந்த சுமித்ரா பிள்ளை பெற்று ஆறு மாதம் கழித்துப் போவதாகவும் பேச்சு. அதற்குள் சம்பந்தி ஓட்டும் மலை ரயிலில் ஒருமுறை போய்விட வேண்டும் என்று கோவர்த்தனன் கிளம்பிவிட்டார். வயிற்றுப் பிள்ளைக்காரியை மலைக்குக் கூட்டிப் போவதா என்று அவர் மனைவி தாட்சாயணி தடுத்துப் பார்த்தாள். "வேன்ல பூ மாதிரி இட்டுக்கினு போறேன்" என்றார். அக்டோபர் கடைசியில் தேதியும் குறித்தார். பரணிக்கு ஐதராபாத்தில் லீவு கிடைக்கவில்லை.

சுமித்ரா பூத்திலிருந்து அப்பாவுக்குப் போன் செய்தாள். "வர வேணாம்னு எப்படிச் சொல்றதுன்னு தெரியல நைனா."

முனிரத்தினம் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு டிரைவரிடம் போனார். டிரைவர் அந்த மலையிலேயே வயதானவர். ஓய்வு பெற ஆறேழு மாதம் இருந்தது. கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"எஞ்சின்ல வேற ஆள ஏத்தக்கூடாது, உனக்கே தெரியும். சரி, பொண்ணு விஷயம்ங்கற. ஒரு நாள் ஏறிக்க. எதையும் தொடாத."

அன்று உமாபதிக்கு ஓய்வு நாள். முனிரத்தினம் கேட்பதற்கு முன்பே அவர் சொன்னார்: "உன் எடத்துல நா நிக்கிறேன். லீவு எழுதாத, எழுதினா வேற ஆளப் போட்டுடுவாங்க. ரெஜிஸ்டர்ல உன் பேரே இருக்கட்டும்."

உமாபதிக்குப் பிள்ளைகள் இல்லை. சுமித்ரா சின்னக் குழந்தையாக இருந்தபோது பாகாலா ஸ்டேஷன் முழுக்கத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தவர். அவளுக்கு அவர் சித்தப்பா. கல்யாணத்தின்போது அவர் மலையில் டூட்டியில் இருந்ததால், கோவர்த்தனன் வீட்டார் அவரைப் பார்த்ததில்லை.

அந்த நாள் காலையிலேயே தூறல். அடிவார ஸ்டேஷனில் கோவர்த்தனன் கேமராவும் கையுமாக வந்து இறங்கினார். டிரைவரின் பழைய நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு முனிரத்தினம் எஞ்சின் வாசலில் நின்றார். சட்டை தோளில் தொளதொளவென்று இருந்தது. கோவர்த்தனன் எஞ்சினைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"கைய அந்த ராடு மேல வைங்க சம்மந்தி. ஆங். அப்படியே." படம் எடுத்துவிட்டுக் கேட்டார்: "எல்லாம் சரி. எஞ்சின் பின்னாடி கீதே, முன்னாடி எப்படிப் பாப்பீங்க?"

"முன்னாடி ஆளுங்க நிப்பாங்க. கொடி காட்டுவாங்க."

"ஓ, அதுக்கு ஆளுங்க தனியா கீறாங்களா?"

"ஆமா. அதெல்லாம் ஆளுங்க பாத்துப்பாங்க."

உமாபதி ஐந்தடி தூரத்தில் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டிருந்தார். கொடிகளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு முன்பெட்டிக்கு நடந்தார்.

கோவர்த்தனனும் தாட்சாயணியும் சுமித்ராவும் முன்பெட்டியில் ஏறினார்கள். காட்சி நன்றாகத் தெரியும் என்று கோவர்த்தனனே அந்தப் பெட்டியைக் கேட்டு வாங்கியிருந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கைநீட்டினால் தொடும் தூரத்தில், உமாபதி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். ஒருமுறை திரும்பியபோது சுமித்ராவின் கண்ணைச் சந்தித்தார். இருவரும் தெரியாதவர்களைப் போல இருந்துகொண்டார்கள்.

பாதி மலை ஏறியபின் மழை பிடித்துக்கொண்டது. ஒரு வளைவில், மேலே சரிவிலிருந்து மண்ணும் கல்லும் பாதையில் உருண்டு வருவதை உமாபதி பார்த்தார். சிவப்புக் கொடியை வெளியே நீட்டி ஆட்டி, வாயிலிருந்த ஊதலை ஊதி, மறுகையால் பிரேக்கை முறுக்கினார். பின்னால் மற்ற பிரேக்ஸ்மேன்களும் முறுக்கினார்கள். எஞ்சினில் டிரைவர் ஆவியை அடைத்தார். வண்டி ஆடி நின்றது. சரிந்து கிடந்த மண்ணுக்கும் பெட்டிக்கும் நடுவே இருபதடி இருந்தால் அதிகம். வண்டி நின்றபிறகு ஒரு கல் தனியாக உருண்டு, துள்ளி, மேடைமேல் வந்து விழுந்தது. உமாபதியின் வலது பாதம் அதற்கும் பிரேக் தண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. அவர் பிரேக்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

சுமித்ரா எழுந்து கதவுப் பக்கம் போனாள். தாட்சாயணி அவள் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். "வயித்துல புள்ளய வெச்சினு எங்க ஓடற? ஆளுங்க பாத்துப்பாங்க." சுமித்ரா உட்கார்ந்தாள்.

எஞ்சினில் இருந்த முனிரத்தினத்துக்கு ஊதல் சத்தம் கேட்டது. அது தன் இடத்திலிருந்து வரும் சத்தம். குதித்து இறங்கி, பெட்டிகளை ஒட்டி மழையில் ஓடினார். மேடையில் உமாபதி கம்பியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கல்லை இடது காலாலேயே தள்ளிவிட்டிருந்தார். செருப்பெல்லாம் ரத்தம்.

"எறங்குடா. நா நிக்கிறேன்" என்றார் முனிரத்தினம்.

உமாபதி தலையை அசைத்தார். பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "நீ இங்க வராத. சம்மந்தி பாக்கறாரு. போ."

முனிரத்தினம் பெட்டி ஜன்னலைப் பார்த்தார். கோவர்த்தனன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். இன்னும் ஒரு நொடியில் முகம் தெரிந்துவிடும். முனிரத்தினம் குனிந்தார். குனிந்தபடியே திரும்பி எஞ்சினுக்கு நடந்தார்.

அவர் எஞ்சினருகே போய் நின்ற கொஞ்ச நேரத்தில் கோவர்த்தனன் குடையோடு இறங்கி வந்தார். பின்னால் ஏழெட்டுப் பயணிகள். "இவருதான் டிரைவர். எங்க சம்மந்தி" என்று அவர்களுக்குக் காட்டினார். முனிரத்தினத்தின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. "எங்க வம்சத்தையே காப்பாத்திட்டீங்க சம்மந்தி. என் மருமக, என் பேரப்புள்ள எல்லாம் அதுலதான் கீது." பக்கத்தில் நின்ற உண்மையான டிரைவர் எண்ணெய்த் துணியால் கையைத் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். முனிரத்தினம் கைகளை விடுவித்துக்கொள்ளவில்லை.

"முன்னாடி ஒரு ஆளுக்குக் கால்ல அடியாம். பாவம்" என்றார் கோவர்த்தனன், போகும்போது.

கல்லையும் மண்ணையும் அகற்ற ஒரு மணி நேரம் ஆயிற்று. வண்டி புறப்பட்டபோது முன்பெட்டியில் நிற்க வேறு ஆள் இல்லை. இருந்த ஒரே ஆள் நீலச் சட்டை போட்டுக்கொண்டு எஞ்சினில் இருந்தார். அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் உமாபதி ஒற்றைக் காலில் நின்று பிரேக் பிடித்தார். ஒவ்வொரு விசிலுக்கும் முன்பெட்டி பிரேக் சரியாக விழுவதை முனிரத்தினம் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டே வந்தார்.

மாலையில் டிரைவர் முனிரத்தினத்தையும் வண்டியின் கார்டையும் தனியாக அழைத்தார். நடந்தது நடந்தபடி எழுதினால் எஞ்சினில் வெளியாளை ஏற்றியதற்காகத் தன் வேலை போகும், ரெஜிஸ்டரில் பொய்க் கையெழுத்துப் போட்டதற்காக முனிரத்தினத்தின் வேலையும் போகும் என்றார். கார்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. ரெஜிஸ்டரில் உள்ளபடியே அறிக்கை போயிற்று. முன்பெட்டியில் முனிரத்தினம், யாருக்கும் காயமில்லை. ஆஸ்பத்திரியில் உமாபதி, குவார்ட்டர்ஸ் படியில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவராகவே சொன்னார்.

இரண்டு கால்விரல்களை எடுத்துவிட்டார்கள். கணுக்கால் மடங்கவில்லை. இனி பிரேக் வேலைக்கு லாயக்கில்லை என்று எழுதினார்கள். வேலை நேரத்தில் பட்ட அடி என்றால் மாற்று வேலை உடனே கிடைத்திருக்கும். வீட்டுப் படியில் விழுந்தவருக்கு வரிசையில் காத்திருக்கச் சொன்னார்கள். உமாபதி சம்பளமில்லா விடுப்பில் பாகாலாவுக்குப் போனார்.

டிசம்பரில் அலுவலகத்திலிருந்து முனிரத்தினத்துக்கு ஒரு பாராட்டுப் பத்திரம் வந்தது. விழிப்போடு செயல்பட்டு வண்டியை நிறுத்திப் பயணிகளின் உயிரைக் காத்த முன்பெட்டி பிரேக்ஸ்மேன் என்று அவர் பெயர் இருந்தது. சக ஊழியர்கள் கை தட்டினார்கள். அவர்களில் பாதிப்பேருக்கு உண்மை தெரியும். பத்திரத்தை வாங்கியபோது அவர் தலை நிமிராததைப் பார்த்து அதிகாரி, "கூச்சப்படாதீங்க" என்றார்.

மார்ச்சில் சுமித்ராவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. திருப்பதியில், மாடியில் இருந்த ஒரு மண்டபத்தில் ஏப்ரல் மாதம் பெயர் சூட்டு விழா வைத்தார் கோவர்த்தனன். பரணி அமெரிக்காவில் இருந்தான். உமாபதியை அழைக்கலாமா என்று முனிரத்தினத்தின் மனைவி செங்கம்மா கேட்டாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். சுமித்ராவும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அழைக்கவில்லை.

குழந்தைக்குத் தரணி என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைத்த கையோடு கோவர்த்தனன் மைக்கை வாங்கினார். தமிழிலும் தெலுங்கிலும் மாறி மாறி, மழையில் மலை சரிந்த கதையைச் சொன்னார். அவர் நல்ல கதைசொல்லி. ஆறு மாதத்தில் இருபதடி பத்தடியாகச் சுருங்கியிருந்தது. "எங்க சம்மந்தி மட்டும் அன்னைக்கு பிரேக் போடலன்னா, இந்தப் பாப்பா இன்னைக்கு இல்ல" என்று முடித்து, சால்வையைப் பிரித்து முனிரத்தினத்தின் தோளில் போட்டார். கூட்டம் கை தட்டியது. மேடையில் குழந்தையோடு உட்கார்ந்திருந்த சுமித்ரா தலை குனிந்துகொண்டாள்.

அப்போது கூட்டத்தின் ஓரத்தில் உமாபதியின் மனைவி சந்திரம்மா நிற்பதை முனிரத்தினம் பார்த்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. பாகாலாவில் யாரோ சொல்லி விழா விஷயம் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அழைப்பு வராததைத் தபால் தவறியதாக எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். அவர் மேடையிலிருந்து இறங்கி அவளிடம் போனார்.

"அவன் எங்கம்மா?"

"கீழ உக்காந்துனு கீறாரு. படி ஏற முடியல." அவள் கைதட்டல் முழுவதையும் கேட்டிருந்தாள். முகத்தில் கோபம் எதுவும் இல்லை. "பாப்பாவுக்குச் சட்ட வாங்கியாந்தோம். அத்த குடுத்துட்டுப் போயிடறோம்ணா."

முனிரத்தினம் கீழே இறங்கினார். வாசலில், செருப்புகள் குவிந்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உமாபதி உட்கார்ந்திருந்தார். அடி பட்ட காலை நீட்டி வைத்திருந்தார். மாடி ஒலிபெருக்கி வாசலிலும் கேட்கும்படி கட்டப்பட்டிருந்தது.

"பேத்தி பேரு இன்னா?" என்றார் உமாபதி. "அந்தச் சத்தத்துல சரியா காதுல உழல."

"தரணி."

"நல்லா கீது."

முனிரத்தினம் சால்வையைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டார். உமாபதிதான் பேசினார். "நீ மேல போ. சம்மந்தி தேடுவாரு."

மலையில் சொன்ன அதே குரல். அன்றைக்குப் போல இன்றைக்கும் அதில் குத்தல் ஏதும் இல்லை. அதுதான் முனிரத்தினத்துக்குத் தாங்கவில்லை. அவர் மாடி ஏறிப் போனார்.

கோவர்த்தனன் சாப்பாட்டுக் கூடத்தில், கை கழுவும் இடத்தருகே நின்று பந்தியை விசாரித்துக்கொண்டிருந்தார். முனிரத்தினம் அவர் பக்கத்தில் போய் நின்றார். மைக் இல்லை, கூட்டம் இல்லை. குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"நா டிரைவர் இல்ல சம்மந்தி."

"இன்னா?"

"பிரேக்ஸ்மேன். அன்னைக்கு முன்னாடி நின்னிருக்க வேண்டியது நானு. உங்ககிட்ட டிரைவர்னு காட்டிக்கறதுக்காவ எஞ்சின்ல ஏறினு, என் எடத்துல வேற ஒருத்தன நிக்க வெச்சேன். வண்டிய நிறுத்தனவன் அவன்தான். கால் போச்சி. இப்ப கீழ, செருப்பு உடற எடத்துல உக்காந்துனு கீறான்."

கோவர்த்தனன் வெகுநேரம் அவரையே பார்த்தார். பந்தியிலிருந்து யாரோ ரசம் கேட்டார்கள். அவர் திரும்பவில்லை.

"கல்யாணத்துக்கு முன்னாடியே பொய்யா?"

"ஆமா."

"சுமித்ராவுக்குத் தெரியுமா?"

முனிரத்தினம் ஒரு கணம்தான் தயங்கினார். "தெரியாது. அதுகிட்டயும் அப்படித்தான் சொல்லிவெச்சிருந்தேன்."

கோவர்த்தனன் குழாயை மூடினார். பரிமாறுகிறவனைக் கூப்பிட்டு, இரண்டு இலைச் சாப்பாட்டைக் கீழே கொண்டுவரச் சொன்னார். படியிறங்கிப் போய், உமாபதிக்கு எதிரே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். முனிரத்தினம் படிக்கட்டின் பாதியில் நின்று பார்த்தார். கோவர்த்தனன் குனிந்து அந்தக் காலைப் பார்த்தார். ஏதோ கேட்டார். உமாபதி ஏதோ சொன்னார். பிறகு இருவரும் ஒரு பெஞ்சின்மேல் இலையை வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள். முனிரத்தினத்தை யாரும் கூப்பிடவில்லை.

விழா முடிந்து கிளம்பும்போது கோவர்த்தனன் அவரிடம் ஒன்றே ஒன்று சொன்னார். "என்கிட்ட சொன்னதோட ஆயிடாது. ஆபீஸ்ல எழுதிக் குடுங்க. அந்தாளுக்கு வேலை வரணும்."

முனிரத்தினம் எழுதிக் கொடுத்தார். இரண்டு பக்கம், தன் கையெழுத்திலேயே. விசாரணை ஐந்து மாதம் நடந்தது. பாராட்டுப் பத்திரத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அவரைப் பிரேக்கிலிருந்து எடுத்து, அடிவார ஸ்டேஷனில் பிளாட்பாரம் பெருக்கும் வேலையில் போட்டார்கள். சம்பள உயர்வு மூன்று வருடத்துக்கு நின்றது. உமாபதிக்கு அடிபட்டது வேலையில்தான் என்று ஏற்றுக்கொண்டு, பாகாலா ஸ்டேஷனிலேயே பயணிகள் அறையைப் பார்த்துக்கொள்ளும் வேலை கொடுத்தார்கள்.

ஆனால் அதோடு முடியவில்லை. எழுதிக் கொடுத்ததில் டிரைவரின் பேரும் வரத்தானே வேண்டும். அவர் ஓய்வு பெறும் மாதத்தில் குற்றப் பத்திரம் போயிற்று. மாலை, கூட்டம், பேச்சு எதுவும் இல்லாமல், ஒரு மதியம் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார். ஓய்வூதியம் விசாரணை முடியும்வரை நின்றது. முனிரத்தினம் அவர் வீட்டுக்குப் போனார். உள்ளே வரச் சொல்லி, காபி கொடுத்தார்.

"எழுதினது தப்புன்னு சொல்லல ரத்தினம்" என்றார் டிரைவர். "எழுதறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் சம்சாரத்துகிட்ட நானே சொல்லியிருப்பேன். கவர பிரிச்சுப் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டா."

அது முனிரத்தினத்துக்குத் தோன்றவே இல்லை. தன் பாரத்தை இறக்கும் அவசரத்தில் அதை யார் தலையில் வைக்கிறோம் என்று பார்க்கவில்லை. காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

உமாபதியும் மகிழ்ச்சியாக இல்லை. "படியில உழுந்தேன்னு நா சொன்ன பொய்யயும் சேத்து எழுதிட்ட. ஆபீசர் எல்லார் எதிர்லயும் கேட்டாரு, ஏன்யா பொய் சொன்னன்னு. இன்னா சொல்றது?" என்றார். ஆனாலும் ஊருக்கு வரும்போதெல்லாம் முனிரத்தினம் ஸ்டேஷனுக்குப் போவார். உமாபதி பெஞ்சில் இடம் விடுவார். ரயில்கள் வந்து போகும். அதிகம் பேசிக்கொள்ள மாட்டார்கள்.

சுமித்ரா குழந்தையோடு நியூ ஜெர்சி போய்ச் சேர்ந்தாள். அடுத்த வருடம் பிப்ரவரியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, முனிரத்தினம் பாகாலா வீட்டில் இருந்தபோது போன் வந்தது. அவளுக்கு அங்கே சனிக்கிழமை ராத்திரி. முதலில் குழந்தை நடப்பதைப் பற்றிச் சொன்னாள். பிறகு குரல் மாறிற்று.

"நைனா, மாமா எல்லார்கிட்டயும் இன்னா சொல்லிக்கினு இருக்காரு தெரியுமா? 'அந்தப் பொண்ணு பாவம், பெத்த அப்பனே ஏமாத்திட்டான்'னு. இவரும் அப்படித்தான் நினைக்கறாரு. எனக்கு ஆறுதல் சொல்றாரு நைனா."

அவர் ரிசீவரை மறுகாதுக்கு மாற்றினார்.

"மொதல்ல ம்னு சொன்னது நான். சித்தப்பா கால்ல கல்லு உழறத நான் பாத்தேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உக்காந்துனு பாத்தேன். கதவத் தொறக்கல."

"உன் அத்த புடிச்சினு..."

"கைய உதறினு போயிருக்கலாம். அவங்க ஒன்னும் கட்டிப் போடல. நான் இவர்கிட்ட சொல்லிடப் போறேன். மாமாகிட்டயும்."

"உனுக்காவதான தெரியாதுன்னு சொன்னேன்."

"தெரியும். நான் சொன்னா, உண்மைய ஒத்துக்கறப்பகூட நீ ஒரு பொய் சொன்னன்னு ஆயிடும். அதுக்குத்தான் இத்தன நாள் சும்மா இருந்தேன்."

சமையலறையிலிருந்து செங்கம்மா எட்டிப் பார்த்தாள். முனிரத்தினம் ரிசீவரை இறுகப் பிடித்துக்கொண்டார். அந்தக் குடும்பத்தில் தன்னிடம் மிச்சமிருந்த ஒரே மரியாதை, கடைசியில் உண்மை சொன்னவர் என்பது. அதுவும் இனி இருக்காது.

"சொல்லும்மா" என்றார். "ஆனது ஆவட்டும்."

இரண்டு வாரம் திருப்பதியிலிருந்து எந்தத் தகவலும் இல்லை. மூன்றாவது வாரம் முனிரத்தினம் ஊருக்கு வந்திருந்தபோது போன் அடித்தது. அவரே எடுத்தார்.

"கோவர்த்தனன் பேசறேன்."

எப்போதும் "சம்மந்தி" என்றுதான் தொடங்குவார்.

"மருமக எல்லாம் சொல்லிடுச்சி. பையன் ரெண்டு நாளு அதுகிட்ட பேசல போல. இப்ப பேசறான். அது அவங்க விஷயம், அவங்க பாத்துக்குவாங்க. பொண்ணக் காப்பாத்தறதுக்குத்தான் சொன்னீங்கன்னு புரியுது. எனக்கும் பொண்ணு இருந்தா நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேனோ என்னவோ. ஆனா உங்க வார்த்தைய இனிமே நா எப்படி எடுத்துக்கறதுன்னு எனக்குத் தெரியல."

பிறகு கோவர்த்தனன் கூப்பிட்ட விஷயத்துக்கு வந்தார்.

"பாப்பாவுக்கு மார்ச்சில பொறந்த நாளு. அவங்க அங்க இருந்தாலும் நம்ம வீட்டுல ஒரு பூஜை வைக்கறோம். உமாபதிய நானே கூப்பிட்டுட்டேன். வேன் அனுப்பறேன்னு சொல்லியிருக்கேன். நீங்களும் அதுலயே வாங்க."

"வர்றேன் சார்" என்றார் முனிரத்தினம்.

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அவர் காதில் விழுந்தது. கல்யாணம் ஆனதிலிருந்து ஒருமுறைகூட அவரை அப்படி அழைத்ததில்லை. கோவர்த்தனன் திருத்துவார் என்று முனிரத்தினம் காத்திருந்தார். அவர் திருத்தவில்லை. பூஜை காலை பத்து மணிக்கு என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.